பாத்திரக் கடையைப் பூட்டாமல் புதுப்பிக்கும் முறை

கொழும்பில் வீட்டுப் பாவனைப் பொருட்கள் விற்கும் சிறிய கடையொன்றைப் புதுப்பிக்க எண்ணுபவர், மேசன் பாஸை அழைப்பதற்கு முன் இரண்டு வாரமாவது ஒரு கொப்பியுடன் கல்லாவில் அமர்ந்திருக்க வேண்டும். நீத்துப்பெட்டி கண்ணெதிரே தொங்கும்போதே ஒருவர் “நீத்துப்பெட்டி இருக்கிறதா?” என்று கேட்டால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருளுக்காக ஊழியர் முக்காலியில் ஏற வேண்டியிருக்கிறது, எந்த மூலையில் இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் பின்வாங்க வேண்டியிருக்கிறது என்பவற்றையும் எழுதுங்கள். வெள்ளவத்தையில் எங்கள் கடையில் இவ்வாறு குறித்தபோது, மக்கள் அதிகம் கேட்கும் இடியப்ப உரலும் புட்டுக் குழலும் ஆறடிக்கு மேலே இருந்ததையும், ஆண்டுக்கு இரண்டு மூன்று மட்டுமே விற்கும் பரிசுப் பெட்டிகள் கைக்கெட்டும் உயரத்தை நிறைத்திருந்ததையும் கண்டோம். பாத்திரம் வாங்குபவர் அதைத் தூக்கிக் கனம் பார்ப்பார், விளிம்பைத் தட்டிப் பார்ப்பார், மூடி பொருந்துகிறதா என்று திருகிப் பார்ப்பார். அந்தக் கைக்குப் பொருள் எட்ட வேண்டும். நான் கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

வேலைக்கு உகந்த காலம் தைப்பொங்கல் முடிந்த பின், ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரையாகும். கொழும்பில் ஜனவரியும் பெப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள். ஏப்ரல் புத்தாண்டுக்குப் புதுப் பானை வாங்க மக்கள் வரத் தொடங்குவதற்குள் கடை முழுமையாகத் திறந்திருக்க வேண்டும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பெருமழையும் தீபாவளி வியாபாரமும் ஒன்றாக வரும் என்பதால், அப்போது கூரையைத் திறப்பது பெரும் தவறு.

வாடகைக் கட்டடமாயின் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். சுவரில் பொருத்தும் இறாக்கைகள், மின்னிணைப்பு, ரைல்ஸ் ஆகியவை கடையை விட்டுச் செல்லும்போது யாருக்குச் சேரும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். வர்ணம் பூசுவதும் இறாக்கை மாற்றுவதும் ஒரு வகை; சுவரை இடிப்பது, இடைத்தட்டு (பாதி மாடி) அமைப்பது, முகப்பை மாற்றுவது வேறு வகை. பின்னவற்றுக்கு 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அனுமதி தேவைப்படலாம் என்பதால், வேலை தொடங்குமுன் கொழும்பு மாநகர சபையில் விசாரித்து விடுங்கள். பெயர்ப்பலகையைப் பற்றியும் அங்கேயே கேட்கலாம். விலைமதிப்பு வாங்கும்போது, 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உள்ள பெறுமதி சேர் வரி அதில் அடங்கியுள்ளதா என்பதைத் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

வேலையின் ஒழுங்கு மாறவே கூடாது. கூரையும் தண்ணீரும் முதலில், பின்னர் மின்சாரம், பிறகு தரை, அதன் பின் இறாக்கை, கடைசியில்தான் வர்ணம். முதல் தடவை நாங்கள் கூரையின் மழைநீர்ப் பீலியைத் திருத்தாமலே சுவருக்கு எண்ணெய் வர்ணம் பூசினோம். மூன்றாம் மாதமே வர்ணம் கொப்புளமாக எழும்பி, உள்ளேயிருந்து வெள்ளை உப்புப் பூத்து, அட்டைப் பெட்டிகளில் பூஞ்சணம் பிடித்தது. செலவழித்த பணம் முழுவதும் வீணாயிற்று. ஆகவே பீலியைச் சுத்தம் செய்து, ஒழுக்கை அடைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பரிசோதித்த பின், சுவர் உலரச் சில வாரங்கள் விடுங்கள். புதிய சீமெந்துப் பூச்சாயின் ஏறத்தாழ நான்கு வாரம் பொறுத்தே வர்ணம் பூச வேண்டும். புறக்கோட்டையின் பழைய கட்டடங்களைப் போலச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட சுவர்களில் சீமெந்தை அப்பினால் ஈரம் உள்ளேயே அடைபடும்; சுண்ணாம்புப் பூச்சையே மீண்டும் இடுவது நல்லது. கூரை அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் அதை வாளால் அறுக்கவோ உலர்ந்த நிலையில் துளையிடவோ விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலைக் கெடுப்பது. கடைக்குள் தினமும் பத்து மணித்தியாலம் நிற்கும் உங்கள் ஊழியர்தாம் அதைச் சுவாசிக்கப் போகிறவர்கள்.

மின்வேலையைத் தகுதி பெற்ற மின்னியலாளரிடமே கொடுங்கள். மின்கசிவு 30 மில்லி அம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பரிசோதிப்பித்து, சுவரிலுள்ள எல்லாச் செருகுவாய்களையும் 13 அம்பியர் சதுர முனை வகைக்கு மாற்றுங்கள். எமது வாடிக்கையாளர்கள் மின்கேத்தலையும் சோறு சமைக்கும் குக்கரையும் போட்டுக் காட்டாமல் வாங்க மாட்டார்கள். 230 வோல்ற்று இணைப்பில் 2000 வாற்று கேத்தல் ஒன்று ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். இரண்டை ஒரே நேரத்தில் போட்டால் ஒரு சாதாரண வயர்ச்சுற்று தாங்காமல் போகலாம். எனவே பரிசோதனை மேசைக்குத் தனி இணைப்பும் தனித் துண்டிப்பானும் வேண்டும்.

தரைக்கு வழுக்காத, மினுமினுப்பற்ற ரைல்ஸ் போதும்.

இறாக்கைகளில் அவசரப்படாதீர்கள். அழுத்திய மரத்தூள் பலகை கொழும்பின் ஈரக்காற்றில் ஊதிப் பிரியும். கடலிலிருந்து சில நூறு மீற்றரே தள்ளியிருக்கும் காலி வீதிக் கடைகளில் உப்புக் காற்று சாதாரண இரும்பை விரைவில் அரித்துவிடும். துத்தநாகம் பூசிய அல்லது பவுடர் பூச்சு இட்ட ஆங்கிள் இரும்பைத் தெரிவு செய்து, வெட்டிய முனைகளில் பூச்சு இல்லாததால் அங்கே துருத்தடுப்பு வர்ணத்தைக் கட்டாயம் பூசுவியுங்கள். துரு எப்போதும் அந்த முனையிலிருந்தே தொடங்குகிறது. பாரம் முழுவதும் தரையில் இறங்க வேண்டும். சுவர் ஆணி இறாக்கை சாயாமல் பிடிப்பதற்கு மட்டுமே. பொள்ளான சீமெந்துக் கல்லில் அடித்த ஆணியை நம்பிக் கிடாரங்களை அடுக்கினால் ஒரு நாள் எல்லாம் சரியும்.

கோப்பைகளுக்கு 12 அங்குல ஆழமும் பானை, சருவங்களுக்கு 18 அங்குல ஆழமும் போதுமானவை. ஆழம் கூடினால் பின்வரிசைப் பொருள் கண்ணில் படாமலே பழசாகும். இரண்டரை அடிக்கும் ஐந்தடிக்கும் இடைப்பட்ட தட்டுகளில் கொப்பியில் அதிகம் குறித்த பொருட்கள் இருக்கட்டும். அம்மி, கிரைண்டர், மண்சட்டி ஆகியவை அடித்தட்டிலும் பாரமற்ற சுளகும் கூடைகளும் மேலேயும் இருக்கலாம். அடித்தட்டைத் தரையிலிருந்து ஆறு அங்குலம் உயர்த்துங்கள். கூட்டித் துடைப்பது இலகுவாகும், எலி பதுங்க இடமிராது, தாழ்ந்த பகுதிகளில் வெள்ளத்துக்கும் சிறிது காப்பு. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை மூழ்கியதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, எனினும் மூன்றாம் ஆண்டே மறந்துவிடுகிறோம். இறாக்கைகளுக்கு இடையே குறைந்தது மூன்றடி, இருவர் கடக்கும் பாதையில் நான்கடி விடுங்கள். கண்ணாடியும் பீங்கானும் வாசலருகே வேண்டாம். பாடசாலைப் பை ஒன்று திரும்பினால் போதும். அவற்றைக் கடைசி மூலையில், விளிம்பில் ஓர் அங்குலத் தடுப்புள்ள தட்டில் வையுங்கள்.

காலி வீதியின் நிலப்பக்கக் கடைகள் மேற்கு நோக்கியவை. பின்னேர வெயில் நேரே உள்ளே வரும். வாளியும் பேசினும் அங்கே மாதக்கணக்கில் கிடந்தால் நிறம் வெளிறி, பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடையும். அந்த இடத்தை எவர்சில்வருக்குக் கொடுங்கள். உள்ளே எவர்சில்வருக்கு 4000 கெல்வின் அளவிலான வெள்ளை வெளிச்சமும், குத்துவிளக்கு முதலான பித்தளைக்கு 3000 கெல்வின் அளவிலான மஞ்சள் சாயலும் பொருந்தும். மின்குமிழ் பாத்திரத்தில் தெறித்துக் கண் கூசாதபடி, பால்நிற மூடியுள்ள விளக்குகளையே வாங்குங்கள்.

கடையை முழுவதும் மூடாமல், நீளவாட்டில் இரண்டாகப் பிரித்து வேலை செய்யலாம். ஒரு பாதியைக் கூரையிலிருந்து தரைவரை படங்கால் மறைத்து, மறுபாதியில் அன்றாடம் விற்பவற்றை மட்டும் வைத்து வியாபாரத்தைத் தொடருங்கள். அறுப்பதையும் உடைப்பதையும் கடை பூட்டிய பின் செய்ய வேண்டும் என்பதைக் கொந்தராத்திலேயே எழுதுங்கள். தேங்கிய பழைய சரக்கை முதல் வாரத்திலேயே விலை குறைத்து விற்றுவிட்டால், இடமும் கிடைக்கும், பாஸுக்குக் கொடுக்கக் கையில் காசும் இருக்கும்.

பெயர்ப்பலகையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் சம அளவில் இருப்பதையே நான் விரும்புகிறேன். அச்சகத்தில் தமிழ் தெரியாதவர் எழுத்தைக் கோக்கும்போது துணைக்காலும் புள்ளியும் இடம் மாறி, ‘பாத்திரம்’ வேறேதோ சொல்லாகி, அப்படியே பத்தாண்டு வீதியில் நிற்பதைக் காண மனம் வேகிறது. மாதிரியைத் தாளில் அச்சிடுவித்து, நன்றாகத் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, அவர் எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கையொப்பமிட்ட பின்னரே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.