மலைச்சரிவில் கட்டடம் வடிவமைக்கும்போது இளம் கட்டடக்கலைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தொடங்கிய ஸ்டுடியோவுக்கு மலைச்சரிவில் ஒரு வேலை கிடைத்தால், முதலில் வரையப்படுவது பெரும்பாலும் பள்ளத்தாக்கைப் பார்த்த பெரிய கண்ணாடிச் சன்னலாகத்தான் இருக்கும். அந்த ஆசையில் குற்றமில்லை. சமதளத்தில் வரைவதுபோல் தரைப்படத்தை முதலில் முடித்துவிட்டு, மண்ணை அதற்கேற்ப வெட்டிக்கொள்ளலாம் என்று எண்ணுவதுதான் பிழை.

சரிவு நிலத்தில் தரைப்படத்துக்கு முன்னால், நிலத்தையும் கட்டடத்தையும் செங்குத்தாக வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோன்ற குறுக்குவெட்டுப் படம் வரையப்பட வேண்டும். நான்கு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் நிலத்தில் 12 மீட்டர் ஆழமுள்ள கட்டடத்தை வைத்தால், முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் 3 மீட்டர் வேறுபாடு, அதாவது ஒரு முழு மாடி, வந்துவிடுகிறது. இதைத் தொடக்கத்திலேயே கண்டவர் தளங்களைப் படிப்படியாக இறக்கி, மேல்சாலையிலிருந்து மேல்மாடிக்கு நேராக நுழைய வழி வைப்பார். காணாதவர் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, பாதிக் கட்டடத்தைக் கெட்டியான மண்ணிலும் மீதியை நிரப்பிய மண்ணிலும் நிறுத்துவார். நிரப்பிய மண் காலப்போக்கில் அமிழும்போது, இரண்டும் சேரும் இடத்தில் சுவர் விரிசல் விடும். நிரப்பு மண் எவ்வளவு ஆழமானாலும், அஸ்திவாரம் அதைக் கடந்து இயற்கையான உறுதி மண்ணைத் தொட வேண்டும்.

ஐந்து மீட்டர் உயர இடைவெளியில் சம உயரக் கோடுகள் போட்ட வரைபடத்தை நம்பி வேலை தொடங்குவதும் தவறே. அரை மீட்டர் அல்லது ஒரு மீட்டர் இடைவெளியில், பாறைகளும் மரங்களும் ஓடைத்தடங்களும் குறித்த அளவைப்படம் தேவை. கோடையில் வெறும் பள்ளமாகத் தெரிவது மழைக்காலத்தில் நீரோடும் வழியாக இருக்கக்கூடும். ஒரு சரிவில் பல மரங்கள் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால், மேல்மண் மெல்ல நகர்கிறதா என்று மண் பொறியாளரிடம் கேட்டுவிடுவது நல்லது.

மிகவும் இழப்பைத் தருவது நீரைப் பற்றிய அலட்சியம். வெட்டிய மண் சரியாமல் தாங்கி நிற்கும் தாங்குசுவரின் கனத்தைக் கூட்டினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் சுவரைச் சாய்ப்பது பல நேரங்களில் மண்ணைவிட அதில் தேங்கிய நீர்தான். மூன்று மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் நீர் முழுமையாகத் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மீதும் ஏறக்குறைய 4.5 டன் தள்ளுவிசை, மண்ணின் விசையோடு கூடுதலாக விழுகிறது. சுவரில் நீர்க்கசிவுத் துளைகள் விட்டால் மட்டும் போதாது. பின்புறம் சல்லி அடுக்கும், மண் புகாமல் தடுக்கும் வடிதுணியும் இல்லையென்றால் அத்துளைகள் நாளடைவில் அடைபட்டுவிடும். மேட்டிலிருந்து வரும் நீரை, மண் வெட்டப்பட்ட முகத்தை எட்டும் முன்பே மறித்துத் திருப்பும் வாய்க்கால் வேண்டும். அது எங்கே போய் முடிகிறது என்பதும் படத்தில் இருக்க வேண்டும். தாங்குசுவருக்கு மேற்புறம் கழிவுநீர் உறிஞ்சுகுழி வைப்பவர், தம் சுவரைத் தாமே நனைத்துக்கொண்டிருக்கிறார்.

நிலநடுக்கம் வரக்கூடிய பகுதியில் தூண்களின் உயர வேறுபாடு பெரிய ஆபத்து. ஒரே அளவு குறுக்குவெட்டுள்ள தூண்களில், 1.5 மீட்டர் தூண் 3 மீட்டர் தூணைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு விறைப்பானது என்பதால், பக்கவாட்டு விசையில் பெரும்பங்கு மேட்டுப்பக்கக் குட்டைத் தூண்களுக்கே போய், அவையே முதலில் உடையும். முகப்பெல்லாம் முடிந்தபின் கட்டமைப்புப் பொறியாளரை அழைத்தால், அவரால் தூணைப் பருமனாக்க முடியுமே தவிர, தாங்கும் முறையையே மாற்ற முடியாது.

சரிவுக்கு வெளியே தாங்கலின்றி நீளும் தளங்களுக்கும் பொறியாளரை முன்பே அழைக்க வேண்டும் என்பது பொருந்தும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1930களில் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட் வடிவமைத்துக் கட்டிய ஃபாலிங்வாட்டர் வீட்டின் தொங்குதளங்கள் பல ஆண்டுகளாகத் தொய்ந்துகொண்டே வந்து, 2002இல் இழுவிசைக் கம்பிகள் செலுத்தி நிலைப்படுத்தப்பட்டன.

பொருள் ஏற்றிய லாரி எங்கே திரும்பும், சக்கர நாற்காலிக்கான 1:12 சாய்தளம் (12 மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் ஏற்றம்) எங்கே பொருந்தும் என்பவற்றை வரைவின் முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடலாம். கட்டும் வரிசையும் வடிவமைப்பாளரின் பொறுப்பே: முழுச் சரிவையும் ஒரே வீச்சில் வெட்டித் திறந்துபோடாமல் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் தாங்குசுவரும் வடிகாலும் மழைக்கு முன்பே முடியும்படி ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்.