இரவில் கை விறைத்து எழும்புகிறவர்களுக்கு

"பிள்ளை, எனக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சு போச்சு." கை விறைப்போடு என்னிடம் வருகிற அம்மாமாரில் பலர் இப்படித்தான் தொடங்குவார்கள். சிலருக்குப் பாரிசவாதம் வரப்போகிறதோ என்ற பயம். நான் யாழ்ப்பாணத்தில் வேலை செய்கிற பிசியோதெரபிஸ்ட். அவர்களிடம் நான் கேட்பது இரண்டே கேள்விகள்: எந்த விரல்? எந்த நேரம்?

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவ்வளவும் விறைத்து சின்ன விரல் மட்டும் சுகமாக இருக்கிறதா? நடுச்சாமத்தில் நித்திரையைக் குழப்பி, கையை உதறினால் கொஞ்சம் விடுகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. டொக்டர்மார் இதைக் கார்ப்பல் டனல் என்பார்கள். மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கத்தில் எலும்புகளுக்கும் தடித்த ஒரு நாருக்கும் நடுவே ஒடுங்கிய வழி ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்குகிற 9 தசை நாண்களும் மீடியன் என்ற நரம்பும் அந்த வழியால்தான் போகின்றன. உள்ளே கொஞ்சம் வீக்கம் வந்தாலும் நெருக்கடி நரம்புக்குத்தான். நித்திரையில் நாங்கள் அறியாமலே மணிக்கட்டை மடித்துக்கொள்வதால் இரவில் கூடுகிறது.

வீட்டிலேயே ஒருமுறை பார்க்கலாம். இரண்டு புறங்கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் நிலத்தைப் பார்க்க, ஒரு நிமிடம் வைத்திருங்கள். அதே விரல்களில் அதே விறைப்பு வந்தால் சந்தேகம் வலுக்கிறது. சின்ன விரல்தான் விறைக்கிறதென்றால் முழங்கையைப் பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பும்போது தோளிலிருந்து நோ இறங்கினால் கழுத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு உள்ளங்கால்களும் முதலில் விறைத்திருந்தால் சீனி வருத்தத்தை நினைக்க வேண்டும். திடீரென்று ஒரு பக்கக் கை சோர்ந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் இந்தக் கட்டுரையை விட்டுவிட்டு உடனே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

சரி, கார்ப்பல் டனல்தான் என்று தெரிகிறது. முதல் வேலை இரவுப் பட்டி. இதை நான் வற்புறுத்திச் சொல்வேன், ஏனென்றால் ஆரம்பத்தில் பிடித்தால் பலருக்கு இதுவே போதும். பார்மசியில் மணிக்கட்டுப் பட்டி வாங்கினால் அதற்குள் உலோகத் தகடு ஒன்று இருக்கும். அநேகமான பட்டிகளில் அந்தத் தகடு கையைப் பின்பக்கமாக வளைத்துப் பிடிக்கிற மாதிரி வளைந்திருக்கிறது. அப்படியே போட்டால் நரம்புக்கு வேண்டிய இடம் கிடைக்காது. தகட்டை வெளியே இழுத்து, மேசை விளிம்பில் வைத்து அமத்தி நேராக்கி, திரும்பச் செருகுங்கள். போட்ட பிறகு முன்னங்கையும் புறங்கையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், விரல்கள் முழுதாக மடங்க வேண்டும், பட்டிக்குள் உங்கள் மற்றக் கை விரல் ஒன்று நுழைய வேண்டும். எங்கள் வெக்கைக்கு வேர்த்து அரிக்கும். பழைய பருத்திக் காலுறை ஒன்றின் நுனியை வெட்டி, பெருவிரலுக்கு ஓட்டை போட்டு உள்ளே அணிந்தால் தாங்கலாம். குறைந்தது 6 வாரம், ஒவ்வொரு இரவும். நாலு நாள் போட்டுவிட்டுச் சரிவரவில்லை என்பவர்களைத்தான் நான் அதிகம் காண்கிறேன்.

பகலில் மணிக்கட்டை மடித்து இறுக்கிப் பிடிக்கிற வேலையைக் குறையுங்கள். திருவலையில் தேங்காய் திருவுவது, இடியப்பம் பிழிவது, ஈர உடுப்பை முறுக்குவது, தோட்டத்தில் மணிக்கணக்காகப் புல்லுப் பிடுங்குவது, இவற்றை வீட்டில் மற்றவர்களும் பங்கிட்டுக்கொள்ளட்டும். லாண்ட்மாஸ்டர் என்ற கை உழவு மெசின் பிடிக்கிறவர்களுக்கு அதன் அதிர்வே கெடுதல். இடைக்கிடை நிறுத்தி ஆறுங்கள்.

அப்புறம் இரத்தப் பரிசோதனை. சீனியும் தைரொய்ட்டும் பார்க்காமல் விடாதீர்கள். கர்ப்ப காலத்தில் வந்தது பெரும்பாலும் பிள்ளை பிறந்தபின் தணிந்துவிடும். அதுவரை பட்டி போதும்.

நரம்புக்குச் சத்து என்று விற்றமின் குளிசைகளை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் நிறைய. உடம்பில் விற்றமின் குறைபாடு இல்லையென்றால் அவற்றால் நெரிபட்ட நரம்பு விடுபடாது. பனடோலும் விறைப்பை எடுக்காது. முறிவு நெறிவு வைத்தியர்களின் கைப்பக்குவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த வருத்தத்துக்கு மணிக்கட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது வேண்டாம், ஏற்கெனவே ஒடுங்கிய வழி அது.

பட்டிக்கு அடங்காவிட்டால் டொக்டர் ஸ்டீரொயிட் ஊசி போடலாம். நல்ல சுகம் தரும், ஆனால் பலருக்குச் சில மாதங்களில் திரும்பி வரும். சீனி வருத்தக்காரருக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சீனி ஏறும், அந்த நாட்களில் அடிக்கடி பாருங்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற இடம். இரண்டு உள்ளங்கைகளையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெருவிரலுக்குக் கீழே உள்ள சதைமேடு ஒரு கையில் வற்றித் தட்டையாகி இருக்கிறதா? சட்டைப் பொத்தான் பூட்ட முடியவில்லையா, கையிலிருந்து சில்லறை நழுவுகிறதா, விறைப்பு பகலிலும் விடாமல் நிற்கிறதா? அப்படியென்றால் பட்டியோடு காலம் கடத்தாதீர்கள். நரம்பு வேகத்தைப் பார்க்கிற பரிசோதனையும் ஒப்பரேசனும் பற்றிப் பேச வேண்டிய நேரம் அது. வற்றிய சதை சிலருக்கு முழுதாகத் திரும்பி வருவதில்லை. அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. யாழ் போதனா வைத்தியசாலையில் எலும்பு முறிவு கிளினிக் இருக்கிறது. காத்திருக்க நேரலாம் என்பதால் சதை வற்றுவதை முதல் வாயிலேயே சொல்லுங்கள்.

ஒப்பரேசனைக் கேட்டுப் பயப்படுகிறவர்களுக்கு: பெரும்பாலும் கையை மட்டும் விறைக்கப்பண்ணிச் செய்வார்கள், நீங்கள் முழித்திருப்பீர்கள். உள்ளங்கையில் சிறிய வெட்டு, அந்தத் தடித்த நாரைப் பிரித்து விடுவது, தையல். அநேகமாக அரை மணித்தியாலத்துக்குள் முடியும். மோதிரம், காப்பு எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போங்கள். இரத்தம் இளக்குகிற குளிசை எடுப்பதானால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முடிந்த அன்றே விரல்களை மடக்கி நீட்டத் தொடங்க வேண்டும். முதல் சில நாள் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி, இரவில் தலையணையில் வைத்திருங்கள். கட்டு நனையக்கூடாது. தையல் 10 முதல் 14 நாளில் வெட்டுவார்கள். காயம் ஆறிய பிறகு தழும்பைத் தேங்காய் எண்ணெய் தொட்டு வட்டமாக, கொஞ்சம் அழுத்தி உருவுங்கள். கிணற்றில் வாளி இழுப்பதும் அரிசி மூட்டை தூக்குவதும் 6 வாரத்துக்கு வேண்டாம். உள்ளங்கை அடிப்பக்கத்தில் ஊன்றும்போது நோகும், அது 3 மாதமளவில் தணியும். இரவு விறைப்பு சீக்கிரம் போனாலும் விரல் நுனி உணர்ச்சி திரும்ப மாதங்கள் செல்லலாம். காயம் சிவந்து சூடாகி, சீழ் வடிந்தால் அல்லது காய்ச்சல் வந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் போங்கள்.

இரண்டு கையிலும் இருப்பவர்களுக்கு வழக்கமாக ஒவ்வொன்றாகத்தான் செய்வார்கள். முதலாவது கை ஆறும்வரை மற்றக் கைக்கு இரவுப் பட்டியைத் தொடர்ந்து போடுங்கள்.