‘ஓல் யூ கான் ஈற்’ சூஷிக் கடையில் எப்படிச் சாப்பிடுவது

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு ‘ஓல் யூ கான் ஈற்’ சூஷிக் கடையின் குசினியில் ஆறு வருசம் வேலை செய்தேன். ஆளுக்கு ஒரே விலை கட்டி, வேண்டியமட்டும் கேட்டுச் சாப்பிடும் கடை அது. சூஷி என்பது வினாகிரிச் சோற்றோடு மீனோ மரக்கறியோ சேர்த்த யப்பான் சாப்பாடு. முதல் வருசம் கோப்பை கழுவினேன். பிறகு சோற்றுப் பொறுப்பு, அதற்குப் பிறகு கடற்பாசித் தாளில் சோறு வைத்து ரோல் சுற்றும் மேசை. இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனாலும் சொந்தத்துக்குள் யாராவது பிறந்தநாளுக்கு அப்படியொரு கடைக்குப் போவதென்றால் முதல் நாளே எனக்கு அழைப்பு வந்துவிடும்: “அக்கா, என்ன ஓடர் பண்ணலாம்?” அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோப்பை கழுவிய காலத்தில் நான் கண்டதிலிருந்து தொடங்குகிறேன். சோயா விழுது கரைத்த மிசோ சூப் கிண்ணத்துக்குள், தேத்தண்ணிக் குவளைக்குள், சுருட்டிய நாப்கினுக்குள் எல்லாம் சோற்று உருண்டைகள் வரும். மேலே இருந்த மீனை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றை ஒளித்து வைத்திருப்பார்கள். மிச்சம் வைத்தால் காசு அறவிடப்படும் என்று மெனுவில் எழுதியிருக்கும், அந்தப் பயம். 2009இன் முதல் மாதங்களில் வன்னியில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவள் நான். அந்த உருண்டைகளைக் குப்பைவாளியில் தட்டுவது எனக்குக் கடைசிவரை பழகவேயில்லை. மீன் மட்டும்தான் வேண்டுமென்றால் சஷிமி கேளுங்கள், அது வெறும் பச்சை மீன் துண்டுகள், சோறே கிடையாது. பெரும்பாலான கடைகளில் சஷிமி இரவு மெனுவில்தான் இருக்கும். சில இடங்களில் ஆளுக்கு இத்தனை துண்டு என்று எல்லையும் வைத்திருப்பார்கள். போக முதல் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

முதல் தடவை போகிறவர்கள் கிழமை நாளில் மதியத்துக்குப் போங்கள். இரவை விட விலை நல்லாகவே குறையும். வெள்ளி முதல் ஞாயிறு வரை மதியத்துக்கும் கூடுதலாக எடுப்பார்கள். கடை திறந்த கையோடு போவது இன்னும் நல்லது, அன்றைய முதல் சோறு அப்போதுதான் இறங்கியிருக்கும்.

சூஷி என்றால் மீன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். குசினிக்குள் அதன் உயிர் சோறு. குறுணைபோல் கட்டையான அரிசியை வடிவாகக் கழுவி அவித்து, சூடு ஆற முதல் வினாகிரி, சீனி, உப்புக் கலவையை ஊற்றி, அகப்பையின் விளிம்பால் வெட்டி வெட்டிக் கலக்க வேண்டும். கிண்டினால் களியாகிவிடும். கைச்சூடு இருக்கும்வரைதான் அது நல்ல சோறு. குளிரூட்டிக்குள் போனதும் பருக்கை விறைத்து மணல்போல் ஆகிவிடும். ஆகவே முதல் ஓடரில் ஆளுக்கு இரண்டு சல்மன் நிகிரி மட்டும் கேளுங்கள். நிகிரி என்பது சோற்றுப் பிடியின்மேல் மீன் துண்டு வைத்தது. சோறு இளஞ்சூடாக இருந்து வாய்க்குள் தானாக உதிர்ந்தால் அன்று தாராளமாகச் சூஷியே சாப்பிடலாம். குளிர்ந்து கடினமாக இருந்தால் மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புரா, வாட்டிய இறைச்சி, உடோன் நூடில்ஸ் பக்கம் போங்கள்.

இனி ஓடர் பண்ணுவது. பலரும் பிழை விடுவது இங்கேதான். முந்தி பென்சிலால் தாளில் எண் எழுதிக் கொடுத்தோம், இப்போது மேசைக்கு ஒரு ரப்லெற். அதில் நிகிரிக்கு 4 என்று தட்டினால் பெரும்பாலும் நான்கு துண்டு வரும். ரோலுக்கு 4 என்று தட்டினால் நான்கு முழு ரோல். ஒரு ரோலில் ஆறு அல்லது எட்டுத் துண்டு இருக்கும், அப்படியானால் முப்பத்திரண்டு துண்டு வரை மேசையில் வந்து குந்தும். ஒருமுறை ஒன்பது பேர் வந்த எங்கடை ஆக்களின் குடும்பம் ஒன்றில் மூன்று பிள்ளைகளும் மாறி மாறித் தட்டிவிட்டார்கள். ரோல் சுற்றிச் சுற்றி எனக்குக் கை ஓய்ந்தது. கடைசியில் அந்தத் தாய் கண்கலங்கியபடி மிச்சத்துக்கும் சேர்த்துக் காசு கட்டினார். மேசைக்கு ஒரே ஆள் ரப்லெற்றை வைத்திருக்கட்டும். பிள்ளைகள் வாயால் சொல்லட்டும்.

நான்கு பேருக்கு நான் சொல்லும் கணக்கு இது. நிகிரி பார்த்து முடிந்ததும், எடமாமே (தோலோடு அவித்த பச்சைச் சோயா) ஒன்று, அவகாடோ ரோல் ஒன்று, விலாங்கும் அவகாடோவும் வைத்த டிராகன் ரோல் ஒன்று, இறால் தெம்புரா ஆளுக்கு ஒன்று. மேசையில் பாதிக்கு மேல் காலியான பிறகே அடுத்த சுற்று. ஒன்றரை மணி, இரண்டு மணி என்று நேரம் தருவார்கள், நான்கு சுற்றுக்கு அது தாராளம். வறுத்த சோறு, நூடில்ஸ், வாழைப்பழப் பொரியல் எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்தால் வயிறு அதோடு நிரம்பிவிடும். கடைக்குச் சோறும் மாவும் மலிவு, மீன்தான் விலை.

கையால் சாப்பிட வெட்கப்படாதீர்கள். இன்றைய தோக்கியோவான எடோ நகரில் 1820களில் ஹனயா யோஹெய் என்பவர் நிகிரியைப் பிரபலமாக்கினார் என்பார்கள். அந்தக் காலத்தில் அது தெருக்கடையில் நின்றபடி கையால் எடுத்துத் தின்ற சாப்பாடு. இன்றும் யப்பானில் நிகிரியைக் கையால் எடுப்பது மரியாதைக் குறைவில்லை. சஷிமிக்குத்தான் குச்சி. நிகிரியைச் சரித்து மீன் பக்கத்தைச் சோயாவில் தொடுங்கள். சோற்றுப் பக்கம் தொட்டால் உப்பை உறிஞ்சி உடைந்துபோகும். ஊறவைத்த இஞ்சி ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் இடையில் வாயைச் சுத்தம் பண்ணுவதற்கு. வசாபி என்று தருவது பெரும்பாலும் பச்சை நிறம் போட்ட குதிரைமுள்ளங்கியும் கடுகும். எங்கள் மிளகாய் நாக்கைச் சுடும், இது மூக்கில் ஏறும். பயறளவு போதும்.

‘வெள்ளை ரூனா’ என்று மெனுவில் இருந்தால் கவனம். அது பல கடைகளில் எஸ்கொலார் என்ற மீன். வெண்ணெய்போல் கரையும், நல்ல ருசி. ஆனால் அதன் கொழுப்பு நமக்குச் செரிக்காத மெழுகு வகை. கூடத் தின்றால் எண்ணெயாகவே வயிற்றால் போகும். யப்பானில் 1977 முதல் அதை விற்கத் தடை. எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு இரண்டு துண்டு, பிள்ளைகளுக்கு இல்லை.

பச்சை மீன் என்றதும் புழுவைப் பற்றிக் கேட்பார்கள். அந்த ஒட்டுண்ணிகளைக் கொல்ல, மீனை −20 பாகை செல்சியஸில் ஏழு நாள் உறையவைப்பது ஒரு வழி. கர்ப்பிணிகள் எப்படியும் பச்சை மீனைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு விலாங்கு இருக்கிறது, அது எப்போதும் சமைத்தே வரும். வழக்கமான இறால் நிகிரியும் அவித்ததுதான்.

அம்மா வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டா. அவவை முதல்முதல் கூட்டிப்போனபோது மிசோ சூப்பைச் சைவம் என்று நினைத்து நானே கிண்ணத்தை நீட்டப் பார்த்தேன். பக்கத்து மேசைக்குக் கொண்டுபோன ஆள்தான் நிறுத்தினார். அதன் அடிச்சாறு காய்ந்த சூரை மீனில் எடுப்பது. இனாரி என்பது தோஃபு (சோயாக்கட்டி) பைக்குள் சோறு அடைத்தது, அந்தப் பையையும் அநேகமாக அதே சாற்றில்தான் வேகவைப்பார்கள். கலிபோர்னியா ரோலில் உள்ள ‘நண்டு’ வெள்ளை மீனை அரைத்துச் செய்தது. மரக்கறித் தெம்புரா இறால் பொரித்த எண்ணெயிலேயே வரும். அவகாடோ ரோல், வெள்ளரிக்காய் வைத்த கப்பா மாகி, எடமாமே, இந்த மூன்றையும் நம்பிக் கொடுக்கலாம். மேலே மயோனைஸ் போடவேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், அதில் முட்டை இருக்கும்.

இங்கே ஒன்ராறியோவில் பில்லில் 13 வீத வரி சேரும். அதற்கு மேல் பரிமாறுகிறவர்களுக்கு ரிப்ஸ் காசு. உங்கள் மேசைக்கு இருபது தரம் நடந்திருப்பார்கள், 15 வீதத்துக்குக் குறைக்காதீர்கள். நான் இருந்த கடையில் அதில் ஒரு பங்கு குசினிக்கும் வந்தது. அந்தக் காசில்தான் மகளுக்குக் குளிர்ச் சப்பாத்து வாங்கினேன்.

கடைசி ஓடருக்குப் பிறகு ரப்லெற் பூட்டிவிடும், அதற்கு முதல் ஐஸ்கிரீமைக் கேட்டுவிடுங்கள். பச்சைத் தேயிலை, மாம்பழம் எல்லாம் இருக்கும். கறுத்த எள்ளு ஐஸ்கிரீம் இருந்தால் வீட்டு முதியவர்களுக்கு அதை எடுத்துக் கொடுங்கள். அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, “இது எங்கடை எள்ளுப்பாகு எல்லே” என்றா. இரண்டாவதும் கேட்டுச் சாப்பிட்டா.