கோழிக்கு இறகு போகிறதா? முதலில் எந்த இடத்தில் என்று பாருங்கள்

வீட்டில் நாலைந்து நாட்டுக்கோழி வைத்திருப்பவர்கள் ஏதாவது ஒரு கோழி மொட்டையாகத் தெரிந்ததும் மருந்து தேடி ஓடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். கோழியைப் பிடித்து, இறகு எந்த இடத்தில் போயிருக்கிறது, தோலில் காயம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு வயது தாண்டிய கோழி, தலை கழுத்து என்று ஆரம்பித்து உடம்பு முழுக்கப் பரவலாகக் கொட்டுகிறது, முட்டையும் நின்றுவிட்டது, ஆனால் காயம் இல்லை என்றால் அது வருஷா வருஷம் நடக்கும் இறகு உதிர்ப்புதான். இரண்டு மூன்று மாதத்தில் புதுசாக முளைத்துவிடும், மருந்து வேண்டாம். முதுகும் பிடரியும் மட்டும் தேய்ந்திருந்தால் சேவல் மிதிப்பதால் வருவது. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும், நாலு பெட்டைக்கு இரண்டு சேவல் இருந்தால் ஒன்றைப் பிரித்துவிடுங்கள். அடைக்கோழியின் வயிற்றில் இறகு இல்லையென்றால் அது தானே பிடுங்கியது, முட்டைக்குச் சூடு படுவதற்காக.

எச்சத்துவாரத்தைச் சுற்றிப் போயிருந்தால் இறகை விலக்கிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் வெள்ளையாகத் திரள் திரளாக ஒட்டியிருப்பது பேன் முட்டை. செல் என்கிற பொடிப்பூச்சி வேறு மாதிரி, அதில் ஒரு வகை பகலில் கூண்டின் சந்துகளில் ஒளிந்திருந்து ராத்திரியில்தான் வந்து ரத்தம் குடிக்கும், அதனால் இருட்டிய பிறகு டார்ச் அடித்துக் கோழி உட்காரும் கட்டைகளின் அடியில் பார்க்க வேண்டும். மணலோடு விறகுச் சாம்பல் கலந்து, மழை படாத இடத்தில் குழி போட்டுக் கொடுங்கள், கோழி தானே புரண்டு குளிக்கும். அதிகமாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் மருந்தும் அளவும் கேட்டு வாங்குங்கள், பத்து நாளைக்குள் இன்னொரு முறையும் போட வேண்டும், ஏனென்றால் முதல் முறையில் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்துவிடும். வீட்டுக் கரப்பான் மருந்தையோ வயலுக்கு அடிக்கிற மருந்தையோ கோழி மேல் அடிக்கவே அடிக்காதீர்கள்.

இனி கோழிகள் ஒன்றையொன்று கொத்துவது. வால் அடியில் இறகு முறிந்து, தோல் சிவந்து ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே பிரிக்க வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. ரத்தத்தின் சிவப்பைப் பார்த்தால் மற்ற கோழிகளும் சேர்ந்துகொள்ளும், குடல் வெளியே வரும் வரைக்கும் கொத்தும். காயத்தை ஆறவைத்த வெந்நீரில் கழுவி, மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துப் போடுங்கள், கசப்பினால் மறுபடி கொத்த வருவதும் குறையும். தினமும் பாருங்கள், ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டால் வைத்தியரிடம் போவதுதான் சரி. அடிபட்டதைக் கண்காணாத இடத்தில் வைக்காமல் மற்றவை பார்க்கிற மாதிரி கம்பி வலைக்குப் பின்னால் வையுங்கள், இல்லையென்றால் திரும்பி வரும்போது புதுக்கோழி என்று நினைத்து மறுபடி அடிக்கும். கொத்துகிற கோழி எது என்று கண்டுபிடித்து அதையும் சில நாள் தனியாக அடையுங்கள், திரும்பி வரும்போது அதன் அதிகாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

ஆனால் காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் இன்னொரு கோழி கொத்த ஆரம்பிக்கும். பெரும்பாலும் இடநெருக்கடி, இல்லையென்றால் தீனி. இறகு பெரும்பகுதி புரதம்தான், நாமோ பழைய சோறும் குருணையும் மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறோம். முட்டைக்கோழிக்குத் தீனியில் 16 முதல் 18 சதவீதம் புரதம் வேண்டும். கடலைப் புண்ணாக்கு (பூஞ்சை பிடித்தது கூடாது), அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் சின்னச் செடி), முருங்கைக்கீரை எல்லாம் நல்லது, எல்லாவற்றையும்விடக் கரையான். பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த கோணி, ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் நிறைய ஏறியிருக்கும், செலவே இல்லை. கருவாடு போடுவதானால் உப்பைக் கழுவிவிட்டுப் போடுங்கள்.

அடைத்தே வளர்ப்பவர்கள் கீரைக்கட்டைக் கழுத்து உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள், கோழிக்குக் கொத்த ஏதாவது வேண்டும். முட்டையிடும் இடம் இருட்டாக இருக்கட்டும், வெட்டவெளியில் முட்டையிட்டால் அந்த நேரத்தில் சிவந்து தெரிகிற துவாரத்தை மற்றவை கொத்தும். கூண்டில் பளிச்சென்ற பல்பும் வேண்டாம். கோடையில் நிழலும், இரண்டு மூன்று இடத்தில் தண்ணீரும். புதுக்கோழி வாங்கினால் முதலில் தனியாக வைத்து நோய் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் ஒரு வாரம் பஞ்சாரத்தில் மற்றவை நடுவே கவிழ்த்து வைத்துப் பழக்கி, இருட்டும் நேரத்தில் கூட்டத்தோடு விடுங்கள்.

முழுசாகப் பிடுங்கப்பட்ட இடத்தில் சில வாரத்தில் இறகு முளைக்கும், முறிந்து அடித்தண்டு தோலில் நின்றுவிட்டால் அடுத்த உதிர்ப்பு வரை அப்படியேதான் இருக்கும். புதிதாக முளைக்கும் இறகின் தண்டில் ரத்தம் ஓடும், அதில் ஒரு கொத்து விழுந்தாலே ரத்தம் வழியும், அதனால் அது விரிகிற வரைக்கும் அந்தக் கோழியை வலைக்குப் பின்னாலேயே வைத்திருங்கள்.