வால்டோர்ஃப் பள்ளி விழாக்கள்: புதிதாகப் பொறுப்பேற்கும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் பிறந்தால் எங்கள் பள்ளியின் மரவேலைக் கூடத்தில் விழாக்குழு கூடத் தொடங்கிவிடும். தெற்கு ஜெர்மனியில் உள்ள ஒரு வால்டோர்ஃப் பள்ளி அது. என் மூத்தவள் முதல் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து ஒன்பது வருடமாக அந்தக் குழுவில் இருக்கிறேன். போன வாரக் கூட்டத்துக்கு, பையனை இந்த ஆண்டுதான் சேர்த்திருக்கும் நம்மூர்ப் பெண் ஒருவர் வந்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தி பள்ளியில் நடத்தும் சந்தையான ஆட்வென்ட் பஸாரில் மெழுகுவர்த்திக் கடையை யார் எடுத்துக்கொள்வது என்ற பேச்சு வந்ததும் கை தூக்கினார். கூட்டம் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது என்னிடம் கேட்டார்: "அக்கா, மெழுக அன்னைக்குக் காலையில அடுப்புல வச்சாப் போதும்ல?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்கு என்ன ஆனது என்று அவருக்கு வாசலில் நின்று பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து, வரப்போகும் இரண்டு மாதத்துக்காக இங்கே எழுதுகிறேன். நேரத்துக்கு வாருங்கள், விழா நடுவே கைபேசியை நீட்டாதீர்கள் என்பதையெல்லாம் சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

பெற்றோருக்கு ஏன் இவ்வளவு வேலை என்று புதியவர்கள் கேட்பதுண்டு. வால்டோர்ஃப் அஸ்டோரியா சிகரெட் ஆலையை நடத்திய எமில் மோல்ட், தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி வேண்டும் என்று ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனரை அழைத்தார். 1919 செப்டம்பர் 7 அன்று ஸ்டுட்கார்ட்டில் அது திறந்தது. பள்ளிகளின் பெயரில் இருப்பது அந்த ஆலைதான். தலைமையாசிரியர் ஒருவர் மேலே உட்கார்ந்து நடத்தும் வழக்கம் இங்கே இல்லை. ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள். ஜெர்மனியில் இவை தனியார் பள்ளிகள். அரசு தரும் பணம் முழுச் செலவுக்குக் காணாது. பெற்றோரின் கட்டணமும் கை உழைப்பும் சேர்ந்தால்தான் பள்ளி ஓடும். பஸாரில் வரும் காசு உண்மையிலேயே தேவைப்படும் காசு.

மாத விழாவை ஆண்டு விழா என்று நினைப்பது

மொனாட்ஸ்ஃபையர் என்றால் மாத விழா. பெயர்தான் அப்படி, எங்கள் பள்ளியில் வருடத்துக்கு மூன்று நான்கு முறை நடக்கும். வகுப்பில் அப்போது படித்துக்கொண்டிருப்பதை அப்படியே மேடையில் காட்டுவார்கள். மூன்றாம் வகுப்பு பெருக்கல் வாய்ப்பாட்டைத் தாளத்தோடு சொல்லும், ஆறாம் வகுப்பு பேச்சையும் இசையையும் உடலசைவில் காட்டும் யூரித்மி ஆடும், பதினொன்றாம் வகுப்பு பாடும். சின்னவர்கள் பெரியவர்களைப் பார்த்து, நாளைக்கு நாமும் அங்கே நிற்போம் என்று தெரிந்துகொள்வார்கள்.

ஆண்டு விழாவில் வளர்ந்த நமக்கு இது பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும். பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டி அனுப்புவது, "நீ ஏன் முன் வரிசையில நிக்கல?" என்று வீட்டுக்கு வந்து கேட்பது, தன் பிள்ளையின் வகுப்பு முடிந்ததும் எழுந்து போவது. மூன்றையும் நானே செய்திருக்கிறேன். மூன்றாவதுதான் ரொம்ப வலிக்கும். அடுத்து மேடை ஏறும் பிள்ளைகள் காலியாகும் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே ஏறுவார்கள்.

காகித விளக்கில் முதலில் எண்ணெய், பிறகு பசை

நவம்பர் 11 மார்ட்டின் திருநாள். பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியில் பாதியை வெட்டிக் கொடுத்த புனித மார்ட்டினின் நினைவாக, இருட்டியதும் குழந்தைகள் கையில் விளக்கோடு பாடிக்கொண்டு நடப்பார்கள். விளக்குக்கு நீர்வண்ணம் தீட்டிய கெட்டிக் காகிதம். அதில் சூரியகாந்தி எண்ணெய் தடவினால் ஒளி ஊடுருவும், வண்ணம் கண்ணாடி போலத் தெரியும்.

எண்ணெய் பட்ட காகிதத்தில் பசை ஒட்டாது. இதைத் தெரியாமல் வருடா வருடம் ஒரு வகுப்பு, முதல் நாள் இரவு இருபத்தைந்து விளக்கையும் ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருக்கும். முதலில் வண்ணம், காய்ந்ததும் வெட்டி ஒட்டுவது, ஒட்டியது இறுகிய பிறகு எண்ணெய். அப்புறம் பழைய துணியால் நன்றாக ஒற்றி எடுத்து, இரண்டு நாளாவது விரித்து வையுங்கள். எண்ணெய் சொட்டும் காகிதத்துக்குள் மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது. உள்ளே வைக்கும் சின்ன மெழுகுவர்த்தியையும் கம்பி வளையமோ ஒரு சொட்டு மெழுகோ கொண்டு அடியில் நிலையாகப் பிடிக்க வையுங்கள். குழந்தை நடக்கும்போது விளக்கு நிச்சயம் ஆடும்.

நடக்கும்போது பின்னால் வரும் பெரியவர்கள் பாடுங்கள், இல்லையென்றால் பேசாமல் வாருங்கள். ஆறு வயதுப் பிள்ளைகளின் பாட்டு நம் பேச்சைத் தாண்டி வராது.

மெழுகை அன்றைக்குக் காலையில் உருக்குவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளும் ஆட்வென்ட். எங்கள் பஸார் அதில் முதல் ஞாயிறுக்கு முந்தின நாள், சனிக்கிழமை. அங்கே குழந்தைகள் தாங்களே தேன்மெழுகுவர்த்தி செய்துகொள்ளும் ஒரு அறை உண்டு. முழங்கால் உயரத்துக்கு ஒரு குறுகலான தகரப் பாத்திரம், அது நிறைய உருகிய தேன்மெழுகு. குழந்தை ஒரு பருத்தித் திரியைப் பிடித்து உள்ளே முக்கி எடுக்கும். பிறகு அறையை ஒரு சுற்று மெதுவாக நடந்து வரும். அந்த நடையில்தான் மெழுகு இறுகுகிறது. திரும்பவும் முக்கும், திரும்பவும் நடக்கும். முதல் நாலைந்து சுற்றில் ஒன்றுமே ஆகாதது போல இருக்கும், திரி கோணலாகத் தொங்கும், விரலால் நீவி நேராக்க வேண்டும். பத்துச் சுற்றில் பென்சில் அளவு வரும். அடியில் சொட்டுகள் சேர்ந்து வால் போல நீளும். அதை வெட்டித் திரும்பப் பாத்திரத்தில் போடலாம். இருபது முப்பது சுற்றுக்குப் பிறகு கையில் ஒரு நல்ல மெழுகுவர்த்தி இருக்கும். அறை முழுக்கத் தேன் வாசம், யாரும் உரக்கப் பேசுவதில்லை. பஸாரிலேயே எனக்குப் பிடித்த இடம் அது.

நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டு 20 கிலோ தேன்மெழுகு கட்டி கட்டியாக வந்திறங்கியது. காலை எட்டு மணிக்குப் பாத்திரத்தில் போட்டு, வெந்நீர் அண்டாவுக்குள் இறக்கி வைத்தேன். பதினொன்றுக்குத் திறப்பு. மூன்று மணி நேரம் தாராளம் என்று நினைத்தேன். அண்டாத் தண்ணீர் பாத்திரத்தின் பாதி உயரத்துக்குத்தான் எட்டுகிறது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதினொரு மணிக்குப் பார்த்தால் அடியில் உருகியிருந்தது, மேலே கல். வாசலில் முப்பது குழந்தைகள், எல்லார் கையிலும் திரி. உதவிக்கு வந்திருந்த ஒரு அப்பா, நல்ல எண்ணத்தோடுதான், பாத்திரத்தை வெந்நீரிலிருந்து தூக்கி நேராக கேஸ் அடுப்பில் வைத்தார். நான் தடுக்கவில்லை. அந்த நிமிடத்தில் எனக்கும் அது சரியாகப் பட்டது.

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். திரி முக்க 70 டிகிரி அளவில் இருந்தால் போதும். 85ஐத் தாண்டினால் நிறம் கருக்கும், வாசம் போய்விடும். மெழுகு சூட்டை மெல்லத்தான் கடத்தும், அதனால் அடி தீயும்போதும் மேலே கட்டி அப்படியே நிற்கும். அதோடு, மேலே மூடி போட்டது போல் கட்டி இருக்க, கீழே உருகியது விரிவடைய இடமில்லாமல் முட்டும். எங்களுக்கு ஓரத்தில் பீறிட்டு ஒரு கீற்று சுவரில் அடித்தது. நல்லவேளை, குழந்தைகள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

ஒரு வழியாக உருகிய பிறகும் வேலை ஆகவில்லை. சூடு அதிகமாக இருந்தால் திரியில் மெழுகு பிடிக்காது, ஏற்கெனவே பிடித்ததும் கரைந்து உள்ளே போய்விடும். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பன்னிரண்டு சுற்று நடந்தாள், நான் எண்ணினேன். ஒவ்வொரு முறையும் எடுத்து, திரியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள், பேசாமல் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போனாள். கடைசியில் அவள் கையில் இருந்தது தொடங்கியபோது இருந்த அதே திரி. இரண்டரை மணிக்கு அறையை மூடினோம். பழுப்பாகிக் கருகல் வாடை அடித்த 20 கிலோவையும் எதற்கும் பயன்படுத்த முடியவில்லை. பல நூறு யூரோ போயிற்று. பணத்தை அடுத்த வருடம் ஈடுகட்டினோம். அந்தப் பெண்ணை இன்றைக்கும் பள்ளி வளாகத்தில் பார்க்கும்போது அந்தத் திரிதான் ஞாபகம் வருகிறது.

அடுத்த ஆண்டு முன்னெச்சரிக்கையாக முந்தின இரவே உருக்கி, அணைத்துவிட்டுப் போனேன். காலையில் 20 கிலோவும் ஒரே பாறையாக இருந்தது. சின்னக் கட்டிகளைவிட அது உருக இன்னும் நேரம் பிடித்தது. முந்தின இரவு உருக்குவதும் தவறுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இப்போது நாங்கள் செய்வது இது. முந்தின மாலை மெழுகை எலுமிச்சை அளவுத் துண்டுகளாக உடைத்து வைக்கிறோம். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஒருவர் வந்து தொடங்குகிறார், பெயர் செப்டம்பரிலேயே எழுதியாகிவிடும். பழம் பதப்படுத்த ஜெர்மன் வீடுகளில் வைத்திருக்கும் மின்சாரப் பானை இரண்டு, வெப்பநிலை தானாக நிற்கும் வகை. முக்குவதற்கான உயரப் பாத்திரத்துக்கு வெளித்தண்ணீர் கழுத்துவரை எட்டும்படி ஒரு அண்டாவைத் தகரவேலை தெரிந்த ஒரு தாத்தா செய்து கொடுத்தார். துண்டுகளை ஒரே தடவையில் கொட்டாமல், உருக உருகப் போடுகிறோம்.

இரண்டாவது பானை எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். குழந்தைகள் முக்க முக்க மெழுகு மட்டம் இறங்கும், திரியின் மேல்பாதிக்கு எட்டாது. அப்போது கட்டியை எடுத்துப் போட்டால் மொத்தமும் ஆறி, மெழுகுவர்த்தி முழுக்கக் கரடு கரடாக வரும். பக்கத்துப் பானையில் தயாராக உருகியிருக்கும் மெழுகைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். இது இல்லாமல் கடையைத் திறக்காதீர்கள்.

தெர்மாமீட்டரை ஒருவர் கையில் கொடுத்து அந்த வேலையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியைப் போட்டு அணையுங்கள். மூடி பாத்திரத்தின் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஒரே ஃப்யூஸில் எல்லாம்

இரண்டு பானையே 3600 வாட், ஒரு 16 ஆம்பியர் இணைப்பு அத்தோடு சரி. பக்கத்து மேசையில் வாஃபிள் சுடும் மின்கருவிக்கு வேறு ஃப்யூஸில் இருக்கும் இணைப்பு.

பிள்ளைகளின் கடைக்குள் அம்மா அப்பா நுழைவது

குழந்தைகள் மட்டும் போய்ப் பொருள் வாங்கும் கடை அது. நுழையாதீர்கள்.

வடையை அங்கேயே பொரிக்க ஆசைப்படுவது

நம் ஆட்கள் எல்லோருக்கும் இந்த ஆசை உண்டு. ஜெர்மன்காரர்களுக்கும் மெதுவடை பிடிக்கும், விற்றுத் தீரும். ஆனால் கூடத்துக்குள் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி வேண்டாம், எண்ணெய்ப் புகை பக்கத்து அறைத் தேன் வாசத்தையும் கொன்றுவிடும். வீட்டில் பொரித்து எடுத்து வாருங்கள். முந்திரி, கடலை, எள் எது சேர்த்திருந்தாலும் சீட்டில் ஜெர்மனில் எழுதி வையுங்கள்.

ஆப்பிள் நிற்கிறதா என்று பார்க்காதது

ஆட்வென்ட் தோட்டம் என்பது சின்னக் குழந்தைகளுக்கானது. இருட்டறையில் ஊசியிலைக் கிளைகளைச் சுருள் வடிவில் தரையில் அடுக்கி, நடுவில் ஒரு பெரிய மெழுகுவர்த்தி. ஒவ்வொரு குழந்தையாக, ஆப்பிளில் செருகிய மெழுகுவர்த்தியோடு சுருளுக்குள் நடந்து, நடுவிளக்கில் ஏற்றி, திரும்பும் வழியில் தரையில் வைத்துவிட்டு வரும். கார்த்திகைக்கு வாசலில் அகல் வைத்துப் பழகிய நமக்கு அந்த அறை உடனே புரிந்துவிடும்.

குழந்தை வைக்கும்போது ஆப்பிள் உருண்டால் எல்லாம் கெட்டது. ஆப்பிள்களைக் கடையில் வாங்கும்போதே மேசையில் நிறுத்திப் பாருங்கள், ஆடுவதன் அடியைத் துளி சீவுங்கள். குழியை மெழுகுவர்த்தியின் அளவுக்கே தோண்டுங்கள், பெரிதாக வேண்டாம். கூந்தலைப் பின்னிவிடுங்கள், தொங்கும் சால்வையைக் கழற்றிவிடுங்கள். ஒரு வாளித் தண்ணீர் கிளைகளுக்குப் பின்னால், எழுந்து எடுக்கும் தூரத்தில்.

"நான் பாத்துக்கறேன்"

ஒருவர் மட்டும் இப்படிச் சொன்னால் போதாது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர், இரண்டு சாவி.

மிச்ச மெழுகைத் தொட்டியில் ஊற்றுவது

பஸார் முடிந்து எல்லோரும் களைத்திருக்கும்போது இது நடக்கும். பாத்திரத்தைக் கழுவும் தொட்டியில் கவிழ்த்தால் குழாய்க்குள் இறுகி, திங்கட்கிழமை பிளம்பர்தான் வர வேண்டும். மெழுகு ஆறுவதற்குள் பழைய பருத்தித் துணியில் வடிகட்டி, கழுவிக் காயவைத்த பால் அட்டைப்பெட்டிகளில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மறுநாள் அட்டையைக் கிழித்தால் மெல்லிய பலகையாக வந்துவிடும், அடுத்த நவம்பரில் உடைக்கச் சுலபம். மெழுகுவர்த்திக் கடைக்குக் கை தூக்கிய அந்த நம்மூர்ப் பெண்ணிடம் இப்போதிலிருந்தே பால் பெட்டிகளைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். ஐந்து மணிக்குத் தொடங்க அவரோடு நானும் வருகிறேன்.