மலையில் முதல் வீடு வாங்கும்போது சர்வேயரை எப்போது கூப்பிடுவது?

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் நாங்கள் வீடு வாங்கியபோது செய்ய வேண்டியதை எல்லாம் செய்தோம். வரிசையில்தான் தப்பு. அட்வான்ஸ் கொடுத்தோம், அக்ரிமெண்ட் போட்டோம், லோன் வாங்கினோம், பத்திரம் பதிந்தோம். அப்புறம் காம்பவுண்ட் கட்டலாம் என்று சர்வேயரைக் கூப்பிட்டோம். அவர் அளந்து முடித்து, சமையலறைக்குப் பின்னால் இருந்த துணி துவைக்கும் கல்லைக் காட்டி, "இது பக்கத்து நிலத்துல இருக்குங்க சார்" என்றார். கல் மட்டுமில்லை, கல்லுக்கு இந்தப் பக்கம் இன்னும் இரண்டடி.

விற்றவர் அதற்குள் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். பக்கத்துக்காரர் நல்ல மனிதர் என்பதால் அந்தத் துண்டைத் தனியாக விலைபேசி, தனியாகப் பத்திரம் போட்டுக்கொண்டோம். அதே சர்வேயர் மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் விலையில் கழித்திருக்கலாம். அந்த அனுபவத்தில் எழுதுவது இது.

1. முதலில் காகிதம்

சர்வேயருக்குப் போன் செய்யுமுன் பட்டா, 'அ' பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கு), எஃப்எம்பி என்கிற புலப்படம் (எல்லை அளவுகளோடு உள்ள நில வரைபடம்) மூன்றும் கையில் இருக்க வேண்டும். கிராமக் கணக்கில் உள்ள நிலம் என்றால் தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்திலேயே பார்க்கலாம். ஊட்டி, குன்னூர் நகராட்சி எல்லைக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அங்கே வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று கணக்கே வேறு. வில்லங்கச் சான்றும் எடுத்துவிடுங்கள்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட். விற்பவர் "ஆறு சென்ட்" என்று சொல்லி, பட்டாவில் 0.02.00, அதாவது 2 ஏர், என்று இருந்தால் அது ஐந்து சென்ட்கூட வராது. இதைக் கண்டுபிடிக்க சர்வேயர் தேவையில்லை.

கூடலூர், பந்தலூர் பக்கம் பார்ப்பவர்கள் 1969-ஆம் ஆண்டு ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-இல் வரும் நிலமா என்று முதலில் கேளுங்கள். ஆமாம் என்றால் அங்கே உரிமையே தீராத சிக்கல், அளந்து பயனில்லை, கிளம்பி வந்துவிடுங்கள். 'அ' பதிவேட்டில் ஓடை, பாதை, புறம்போக்கு என்று பக்கத்து எண்களுக்கு எதிரே எழுதியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அளக்கிற அன்றைக்கு அந்தப் பக்கத்தைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

2. டோக்கனுக்கும் அக்ரிமெண்டுக்கும் நடுவில்

சர்வேக்குச் சரியான நேரம் இதுதான். விலை பேசியாயிற்று, சின்னதாக ஒரு டோக்கன் கொடுத்தாயிற்று, பெரிய அட்வான்ஸ் இன்னும் கைமாறவில்லை. இதற்கு முன்னால் அளந்தால், வேறொருவர் வாங்கப்போகிற வீட்டுக்கு நீங்கள் செலவு செய்ததாக முடியலாம். இதற்குப் பின்னால் என்றால் பேரம் பேச உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

விற்பவரிடம் டோக்கன் கொடுக்கும்போதே, "அளந்து பார்த்துட்டு அக்ரிமெண்ட் போட்டுக்கலாங்க" என்று சொல்லிவிடுங்கள். "எங்க தாத்தா காலத்துல இருந்து இருக்கிற இடம், இதுல அளக்க என்ன இருக்கு?" என்ற பதில் வரலாம். வந்தால் கோபப்பட வேண்டாம், முக்கால்வாசிப் பேர் உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார்கள். எங்களுக்கு விற்றவரும் ஏமாற்றவில்லை என்றே நினைக்கிறேன். அந்தக் கல்லில் அவர் அம்மா காலத்திலிருந்து துவைத்திருக்கிறார்கள்.

3. யாரைக் கூப்பிடுவது, எந்த மாதத்தில்

இரண்டு வழி. ஒன்று, அரசு சர்வேயர். 2023 முதல் தமிழ்நிலம் தளத்தில் இணையவழியாகவே விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பிக்க வேண்டியவர் பட்டாதாரர், அதாவது விற்பவர். அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்கும் தகவல் போகும் என்பதால் பின்னால் சண்டை வந்தால் இந்த அளவுக்கு மதிப்பு அதிகம். என்றைக்கு வருவார் என்பது மட்டும் நம் கையில் இல்லை. இன்னொன்று, உரிமம் பெற்ற தனியார் சர்வேயர். நாள் குறித்தால் பெரும்பாலும் அந்த வாரமே வந்துவிடுவார்.

என் யோசனை: அக்ரிமெண்டுக்கு முன் தனியாரை வைத்து அளந்துவிடுங்கள். அளவில் இழுபறி வந்தால் மட்டும் அரசு அளவைக்கு விற்பவரை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

மாதம் என்று பார்த்தால் ஜனவரி முதல் மார்ச் வரை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, உன்னிச்செடிப் புதர் காய்ந்து, உள்ளே மூடிக்கிடக்கும் சர்வே கற்கள் கண்ணுக்குத் தெரிகிற காலம் அது. ஏப்ரல், மே சீசனில் ரோட்டில் வண்டி நகராது. போதாக்குறைக்கு மே, ஜூனில் ஜமாபந்தி (வருடாந்திரக் கிராமக் கணக்குத் தணிக்கை) என்று தாலுகா ஆபீஸ் ஆட்களைப் பிடிக்க முடியாது. எந்த மாதமானாலும் காலை வேளையைக் கேளுங்கள். மத்தியானத்துக்குமேல் பனிமூட்டம் இறங்கினால் இருபதடி தள்ளி நிற்கிற ஆளே தெரியமாட்டார்.

4. அளக்கிற அன்று

கட்டாயம் கூடவே இருங்கள், விற்பவரையும் இருக்கச் சொல்லுங்கள். மலைக்கே உரிய ஒரு விஷயத்தை இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும்.

புலப்படத்தில் உள்ள நீளம் எல்லாம் மட்டத்தில் எடுத்த நீளம். சரிவின்மேல் டேப்பைப் படுக்கப்போட்டு அளந்தால் வருகிற நீளம் அதைவிட அதிகம். உதாரணமாக ஓர் இடம் 40 அடி அகலம், சரிவோடு அளந்தால் 55 அடி நீளம். பெருக்கினால் 2,200 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக ஐந்து சென்ட் சொச்சம். சரிவு 30 டிகிரி என்றால் அந்த 55 அடி, மட்டத்தில் 47.6 அடிதான். பரப்பு ஏறக்குறைய 1,905 சதுர அடி, அதாவது 4.37 சென்ட். நிலம் எங்கேயும் ஓடிப்போகவில்லை, ஆனால் கிட்டத்தட்ட முக்கால் சென்ட்டுக்குச் சும்மா பணம் கொடுத்திருப்பீர்கள்.

டோட்டல் ஸ்டேஷன் கருவி கொண்டுவந்தால் அதுவே மட்ட நீளத்தைக் கணக்குப்போட்டுவிடும். டேப்தான் என்றால், டேப்பை மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, படிப்படியாக இறங்கி அளக்கிறாரா என்று பாருங்கள். புரோக்கர் போனில் சுற்றி நடந்து காட்டுகிற ஜிபிஎஸ் அளவை நம்பாதீர்கள். சில மீட்டர் பிசகுகிற கருவியை வைத்து ஐந்து சென்ட்டை அளப்பது, அரிசி மண்டித் தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி.

அடுத்தது தடுப்புச்சுவர். உங்கள் மனைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்கும். எல்லைக்கோடு சுவரின் தலையில் போகிறதா, காலில் போகிறதா என்று சர்வேயரைக் கேட்டு ஸ்கெட்ச்சில் குறிக்கச் சொல்லுங்கள். நாளைக்குச் சரிந்தால் யார் கட்டுவது என்பது இதைப் பொறுத்தது. ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கும் படிக்கட்டு யார் நிலத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள். அது இன்னொருவர் நிலம் என்றால், நடைபாதை உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்வார்த்தை போதாது.

5. வீட்டை மழையில் பாருங்கள்

நிலத்தை அளக்க வெயில் காலம் வேண்டும். கட்டிடத்தைப் பார்க்க மழைக்காலம்தான் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பதுதான் முதல்முறை வாங்குபவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு.

முடிந்தால் அக்டோபர், நவம்பரில் ஒரு நல்ல மழை நாளில் சிவில் இன்ஜினியர் ஒருவரோடு போங்கள். மேட்டுப்பக்கச் சுவர் உள்ளே ஓதம் அடிக்கிறதா, தடுப்புச்சுவர்த் துளைகளில் தண்ணீர் வடிகிறதா என்று பாருங்கள். வடிந்தால் நல்லது. கொட்டுகிற மழையிலும் துளை காய்ந்திருந்தால் அடைத்திருக்கலாம், தண்ணீர் மண்ணுக்குள் நின்று சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கும். வயிறு தள்ளிய சுவர் என்றால் இன்ஜினியர் சரி என்று சொல்லாமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

மழைக்காலம் வரை காத்திருக்க முடியாதா? அக்கம்பக்கத்தில் வயதானவர்களிடம் போய், "2009-ல இங்க என்ன ஆச்சுங்க?" என்று கேளுங்கள். அந்த நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. நீலகிரி மாவட்டத்தில் 40 பேருக்குமேல் இறந்தார்கள். எந்தச் சரிவு அசைந்தது, எந்த ஓடை வழி மாறியது என்று உள்ளூர்க்காரர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. காலி வீட்டில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது பெயிண்ட் அடித்திருந்தால் ஏன் என்றும் கேளுங்கள்.

6. அக்ரிமெண்டில் எழுத வேண்டியது

சர்வே ஸ்கெட்ச்சை அக்ரிமெண்டோடு இணையுங்கள். மொத்த விலையை மட்டும் எழுதாமல், சென்ட்டுக்கு இத்தனை ரூபாய், அளவில் குறைந்தால் அந்த விகிதத்தில் கழியும் என்று எழுதச் சொல்லுங்கள். அரசு அளவை இன்னும் பாக்கி என்றால், அது முடிந்த பிறகே பத்திரம் என்பதற்கும் ஒரு வரி வேண்டும்.

பேங்க் ஆள் வந்து பார்த்தார், அது போதும் என்று நாங்கள் நினைத்தோம். அவர் வந்தது கடனுக்கு வீடு ஈடாகுமா என்று மதிப்புப்போட. எல்லைக்கல் எங்கே என்று அவர் தேடவே இல்லை.

7. பத்திரத்துக்குப் பிறகு

ஓர் உட்பிரிவை (சர்வே எண்ணுக்குள் தனி எண் உள்ள துண்டை) முழுதாக வாங்கினால் பட்டா பெயர் மாற்றம் சுலபம். ஒரு சர்வே எண்ணில் பாதியை வாங்கினால் உட்பிரிவு செய்ய அரசு சர்வேயர் மறுபடி வந்து அளப்பார். அன்றைக்கு அவர் அளவும் உங்கள் பத்திரத்து அளவும் ஒத்துப்போக வேண்டும், நாலு எல்லை விவரத்தையும் ஸ்கெட்ச்சைப் பார்த்தே எழுதச் சொல்வது இதற்காகத்தான். கல் நட்டதும் ஒவ்வொன்றையும், பின்னால் வீடு தெரிகிற மாதிரி, போட்டோ எடுத்து வையுங்கள். எங்கள் கல்லில் ஒன்றைப் போன வருஷம் காட்டுமாடு சாய்த்துவிட்டது. பக்கத்துக்காரரும் நானும் அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் அதை நிமிர்த்தினோம்.