அமெரிக்க நீதிமன்றச் செய்தி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க நீதிமன்றங்களைப் பற்றித் தமிழில் எழுதப் புதிதாக வருகிறவர்களின் படிகளைத் திருத்தும் வேலையில் இருக்கிறேன். ஒவ்வோர் அக்டோபரிலும் அங்கே உச்ச நீதிமன்றத்தின் புதிய பருவம் தொடங்கியதும், ஆரம்பத்தில் நான் எழுதிய அதே பிழைகள் வேறு வேறு பெயர்களில் என் மேசைக்கு வந்து சேரும். நீதிபதி பெயரைத் தப்பாக எழுதுவது, தேதியை மாற்றிப் போடுவது எல்லாம் இன்னொரு முறை படித்தால் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். எழுதியவருக்கே தெரியாமல் வாசகரைத் தப்பான முடிவுக்குக் கொண்டுபோகும் பிழைகள் மட்டும் இங்கே.

நம் ஊர் ஏணியை அங்கே சாத்துவது

நமக்கு மாவட்ட நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம், எல்லாவற்றுக்கும் மேல் உச்ச நீதிமன்றம் என்று ஒரே ஏணி. அமெரிக்காவில் அப்படி இல்லை. 50 மாநிலங்களுக்கும் தனித்தனி அரசமைப்பு, தனித்தனி நீதிமன்றங்கள், தனித்தனி உச்சி. அவற்றுக்குப் பக்கத்தில், தனி வரிசையாக, கூட்டாட்சி நீதிமன்றங்கள்: 94 மாவட்ட நீதிமன்றங்கள், 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், ஓர் உச்ச நீதிமன்றம்.

ஒரு மாநிலச் சட்டத்துக்கு என்ன பொருள் என்பதில் அந்த மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் சொல்வதே கடைசி. 1875-இல் மர்டாக் வழக்கிலேயே இது முடிவாகிவிட்டது. கூட்டாட்சிச் சட்டமோ அமெரிக்க அரசமைப்போ சம்பந்தப்பட்ட கேள்வி இருந்தால்தான் வாஷிங்டனுக்கு வழி. அப்படி ஒரு கேள்வி இருந்தாலும், மாநில நீதிமன்றம் தன் மாநில அரசமைப்பின் மேல் மட்டும் தீர்ப்பை நிறுத்தி, அதைத் தெளிவாகச் சொல்லியும் விட்டால், அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தொடாது. ஆனால் எனக்கு வரும் செய்திகளில் பாதிக்கு மேல், “இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யப்படும் எனத் தெரிகிறது” என்றுதான் முடிகின்றன. பல மாநில வழக்குகளில் அந்தக் கதவே கிடையாது.

நியூயார்க்

அங்கே ‘சுப்ரீம் கோர்ட்’ என்பது விசாரணை நீதிமன்றம்; 2024-இல் டிரம்ப் மீதான குற்ற வழக்கு நடந்தது அதில்தான். மாநிலத்தின் உச்சி ‘கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்’.

விசாரிக்க மறுத்ததை ‘உறுதி செய்தது’ என்று எழுதுவது

இத்தனை காலத்துக்குப் பிறகும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இது.

2025 அக்டோபரில் நடந்ததைச் சொல்கிறேன். எச்-1பி விசாவில் இருப்பவர்களில், கிரீன் கார்டு நடைமுறையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவர்களின் கணவனோ மனைவியோ எச்-4 விசாவிலேயே வேலை பார்க்கலாம் என்று 2015-இல் ஒபாமா அரசு விதி கொண்டுவந்தது. அமெரிக்கத் தொழில்நுட்ப ஊழியர்களின் அமைப்பான ‘சேவ் ஜாப்ஸ் யுஎஸ்ஏ’ அதை எதிர்த்து வழக்குப் போட்டது. மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றது. 2024 ஆகஸ்டில் வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது. அதன்பின் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

எனக்கு வந்த படியின் தலைப்பு: “எச்-4 வேலை அனுமதி செல்லும்: அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு.” அதை நிறுத்திவிட்டேன். ஆனால் அதே பொருளில் வேறு இடங்களில் வந்ததை நான் எப்படி நிறுத்துவது? இரண்டு நாளில் நியூ ஜெர்சியிலிருந்து அண்ணன் மகன் கூப்பிட்டான். அவன் மனைவி எச்-4-இல் வேலை பார்க்கிறாள். “இனி யாரும் இதைத் தொட முடியாதாமே சித்தப்பா, கோர்ட்டே சொல்லிடுச்சாம்” என்றான். இரண்டு சம்பளத்தையும் காட்டி வீட்டுக்கடனில் கையெழுத்துப் போடப் போகிறார்களாம். அது அரசுத் துறை போட்ட விதி, அந்தத் துறையே முறைப்படி நீக்கவும் முடியும் என்று விளக்கினேன். டிரம்பின் முதல் ஆட்சியிலேயே நீக்கப்போவதாக அறிவித்திருந்தார்கள். அது நடக்கவில்லை, பைடன் வந்தபின் அந்த முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. உச்ச நீதிமன்றம் இப்போது மறுத்ததால் அந்த விதிக்குப் புதிதாக ஒரு கவசமும் கிடைத்துவிடவில்லை. கையெழுத்தைத் தள்ளிப்போட்டு, ஒரே சம்பளத்தில் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்த்தார்கள். தலைப்பை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை குடும்பமோ என்று நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

மறுப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இந்தத் தவறு வராது. எந்த வழக்கை எடுப்பது என்பதைப் பெரும்பாலும் உச்ச நீதிமன்றமே தீர்மானிக்கலாம் என்ற நிலை 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. தலைமை நீதிபதி டாஃப்ட் முன்னின்று கொண்டுவந்தது அது. எஞ்சியிருந்த கட்டாய மேல்முறையீடுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் 1988-இல் நீக்கினார்கள். இன்று அங்கே போவது ‘செர்ஷியோராரி’ மனு. தீர்ப்பு சரியா தவறா என்ற கேள்வி அந்தக் கட்டத்தில் எழுவதில்லை. இந்த வழக்கை எடுப்பதா வேண்டாமா என்பது மட்டுமே கேள்வி. ஒன்பது பேரில் நான்கு பேர் சம்மதித்தால் எடுப்பார்கள். ஆண்டுக்குச் சில ஆயிரம் மனுக்கள் வருகின்றன. வாதம் கேட்டு முடிவெடுப்பது சுமார் 60 வழக்குகள். மற்றவை பெரும்பாலும் காரணம் சொல்லாத ஒற்றை வரியில் முடிந்துவிடும். மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்குள் முரண்பாடு இல்லாமல் இருக்கலாம், வழக்கின் உண்மைகள் சிக்கலாக இருக்கலாம், காலம் கனியவில்லை என்று நினைத்திருக்கலாம். இப்படி மறுப்பதால் வழக்கின் நியாயம் குறித்து நீதிமன்றம் எந்தக் கருத்தும் சொன்னதாகாது என்று நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் 1950-லேயே எழுதிவிட்டார்.

2014-ஐப் பாருங்கள். அக்டோபர் 6 அன்று, ஐந்து மாநிலங்களிலிருந்து வந்த தன்பாலினத் திருமண வழக்குகளை உச்ச நீதிமன்றம் எடுக்க மறுத்தது. கீழே திருமண உரிமைக்குச் சாதகமாக வந்திருந்த தீர்ப்புகள் அப்படியே நின்றன. அந்த மாநிலங்களில் திருமணங்கள் நடக்க வழி பிறந்தது. அன்று “தன்பாலினத் திருமணத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது” என்று எழுதியவர், சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 6 அன்று, ஆறாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் நேர் எதிராகத் தீர்ப்பளித்தபோது என்ன எழுதியிருப்பார்? உச்ச நீதிமன்றத்தை மீறிவிட்டார்கள் என்றா? மீறுவதற்கு அங்கே எதுவும் சொல்லப்படவே இல்லை. அந்த முரண்பாட்டைத் தீர்க்கத்தான் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்து, 2015 ஜூன் 26 அன்று ஓபர்கஃபெல் வழக்கில் 5-க்கு 4 என்று திருமண உரிமைக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது.

“விளைவு ஒன்றுதானே சார்?” என்று கேட்கிறார்கள். அந்த வழக்கின் இரு தரப்புக்கும் ஒன்றுதான். மற்ற எல்லாருக்கும் வேறு. கீழ்த் தீர்ப்பு அதன் எல்லைக்குள் மட்டும், பின்வரும் வழக்குகளைக் கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பாக நிற்கும். அடுத்த எல்லையில் இருக்கும் நீதிமன்றம் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. நம் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு ஒரே வரியில் தள்ளுபடியாவதும் இப்படித்தான். 2000-இல் குஞ்ஞயம்மது வழக்கில் அது விளக்கமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. சட்டம் படித்துவிட்டு வருகிறவர்களும் இதில் தவறுவதுதான் என் ஆற்றாமை.

இப்படி எழுதுங்கள்: “உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது, இன்ன மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு நீடிக்கிறது.” எந்த நீதிமன்றம், அதன் எல்லை எது என்பதைக் கட்டாயம் சேருங்கள். மறுப்பை எதிர்த்து எந்த நீதிபதியாவது தனியாக எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். அவசரத் தடை கேட்கும் மனுக்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 2021 செப்டம்பர் 1 அன்று டெக்சாஸ் கருக்கலைப்புச் சட்டத்தை நிறுத்த மறுத்த உத்தரவு, அந்தச் சட்டம் அரசமைப்புக்கு உட்பட்டதா என்ற முடிவின் அடிப்படையில் தான் வரவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னது.

4-க்கு 4

நீதிபதிகள் இப்படிச் சமமாகப் பிரிந்தால் கீழ்த் தீர்ப்பு நிற்கும், முன்தீர்ப்பு உருவாகாது. நீதிபதி ஸ்காலியா இறந்தபின், 2016-இல் ஒபாமாவின் குடியேற்றத் திட்டம் இப்படித்தான் முடங்கியது.

ஒன்பது நீதிபதிகள்

அரசமைப்பில் அந்த எண் இல்லை. ஓர் உச்ச நீதிமன்றம் இருக்கும் என்கிறது மூன்றாம் பிரிவு. எத்தனை நீதிபதிகள், கீழே எத்தனை நீதிமன்றங்கள் என்பது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கையில். 1789-இல் ஆறு பேர். ஏறி இறங்கி, 1869 முதல் ஒன்பது.

உரிமைப் பட்டியல் எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்று நினைப்பது

உரிமைப் பட்டியல் எனப்படும், அரசமைப்பின் முதல் பத்துத் திருத்தங்கள் கூட்டாட்சி அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று 1833-இல் பேரன் வழக்கில் தலைமை நீதிபதி மார்ஷல் தீர்ப்பளித்தார். 1868-இல் வந்த 14-ஆம் திருத்தத்தின் வழியாகத்தான் அவை ஒவ்வொன்றாக மாநிலங்கள் மேலும் ஏறின. துப்பாக்கி உரிமை 2010-இல்தான் ஏறியது. குற்றம் சாட்ட ஆதாரம் போதுமா என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழுவான பெருநடுவர் குழு வேண்டும் என்ற விதி 1884 தீர்ப்பின்படி இன்றுவரை மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. ஆகவே ஒரு மாநிலம் பெருநடுவர் குழு இல்லாமல் கொலைக் குற்றச்சாட்டுப் பதிந்தால் அதில் உரிமை மீறல் இல்லை. தனியார் நிறுவனம் ஊழியரின் பேச்சுக்காக அவரை வேலையைவிட்டு நீக்கினாலும் முதலாம் திருத்தம் உதவிக்கு வராது. அது கட்டுப்படுத்துவது அரசைத்தான்.

பொதுநல வழக்கு

கூட்டாட்சி நீதிமன்றங்களில் கிடையாது. வழக்குத் தொடுப்பவருக்கே நேரடிப் பாதிப்பு இருக்க வேண்டும். அதிபர் கேட்டாலும் ஆலோசனைக் கருத்து சொல்ல மாட்டார்கள். 1793-இல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கே மறுத்தார்கள்.

தீர்ப்பின் முதல் பக்கங்களை மேற்கோள் காட்டுவது

தொடக்கத்தில் வரும் சுருக்கம் நீதிபதிகள் எழுதியது இல்லை. தீர்ப்புப் பதிவாளர் வாசகர் வசதிக்காக எழுதுவது. அது தீர்ப்பின் பகுதி ஆகாது என்று 1906-ஆம் ஆண்டு வழக்கைக் காட்டி அங்கேயே அச்சிட்டிருப்பார்கள். அதே கோப்பின் பின்பகுதியில் மாறுபட்ட தீர்ப்பும் இருக்கும். அதிலிருந்து ஒரு வரியை எடுத்து நீதிமன்றத்தின் வாயில் வைத்த படியும் எனக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் மேலோரத்திலும், அது சுருக்கமா, நீதிமன்றத்தின் கருத்தா, இன்ன நீதிபதியின் மாறுபாடா என்று போட்டிருக்கும். அந்த வரியைப் பார்த்துவிட்டு மேற்கோள் எடுங்கள்.